பின்வெடிப்பா, பெருக்கோய்வா?

ஐயா, விண்மீன்கள் கூட்டமாகப் பிறந்து, அப்பிறப்பு பின்னர் ஓய்ந்துபோன பேரடையை (galaxy) ஆங்கிலத்தில் post-starburst galaxy என்கிறார்கள். அதற்கு 'பின்வெடிப்புப் பேரடை' என்று தாங்கள் தந்த சொல் சுருக்கமானது. ஆனால் அதிலுள்ள 'வெடிப்பு' உறுத்துகிறது. விண்மீன் சாகும்போது நிகழ்வதையே வெடிப்பு என்று எழுதிவருகிறோம். விண்மீன்கள் கூட்டமாகப் பிறப்பதையும் அப்படியே சொன்னால் மாணவர் குழம்புவர்.

ஆடி மாதம் ஒகேனக்கல்லில் வெள்ளம் ஏறும்போது பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். நீர் இறங்கியபின் போய்ப் பார்த்தால், அது எதுவரை ஏறியது என்பதைப் பாறையில் படிந்த சேற்றுக்கோடு காட்டும். நாம் பெயரிட முயலும் பேரடைகளையும் இப்படியொரு கோட்டை வைத்தே கண்டுகொள்கிறோம். மிகச் சூடான ஓ வகை விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளில் மடிந்துவிடுவதால், அவை ஒளிரச்செய்த வளிமத்தின் உமிழ்வு வரிகள் (நிறமாலையில், அதாவது பிரித்த ஒளியில், தெரியும் பிரகாசமான கோடுகள்) மறைகின்றன. அதே பெருக்கில், அதாவது அதே கூட்டப் பிறப்பில், தோன்றிய சற்றே சூடு குறைந்த ஏ வகை விண்மீன்களோ சில நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதால், ஹைட்ரஜன் ஒளியை விழுங்குவதால் உண்டாகும் இருண்ட கோடுகளான உட்கவர் வரிகள் நிறமாலையில் ஆழமாக நிற்கின்றன. வானியலாளர்கள் டிரெஸ்லரும் கன்னும் 1983-இல் தொலைதூரப் பேரடைக் கொத்தொன்றில் இத்தகைய நிறமாலைகளைக் கண்டு, நீள்வட்டப் பேரடையின் ஒளியோடு ஏ வகை விண்மீனின் ஒளி கலந்ததுபோல இருப்பதால் 'ஈ+ஏ' (E+A) என்று பெயரிட்டனர்.

ஆகவே 'பெருக்கோய்ந்த பேரடை' என்பதை முன்மொழிகிறேன். முதலில் 'மீன்பெருக்கு' என்றுதான் எழுதிவைத்தேன். கிருஷ்ணகிரி அணைக்கருகே மீன் வறுவல் தின்று வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று தோன்றியதும் அடித்துவிட்டேன். தனியே வருமிடத்தில் 'விண்மீன் பெருக்கு' என்றே விரித்து எழுதலாம்.

இதற்கே ஓர் அம்மையார் பரிந்துரைத்த 'வற்றிய பேரடை' அழகாக இருந்தாலும், அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. விண்மீன் பிறப்பு நின்றதற்கு வளிமம் தீர்ந்துபோனதே காரணம் என்று அச்சொல் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகைய 32 பேரடைகளில் 17-இல் கார்பன் மோனாக்சைடின் உமிழ்வு பதிவாகியது. குளிர்ந்த வளிமம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த உமிழ்வே. அதாவது, விண்மீன் பிறப்பதற்கு வேண்டிய குளிர்ந்த மூலக்கூற்று வளிமம் அவற்றில் கணிசமாகவே எஞ்சியிருக்கிறது. ஆறு ஓய்ந்தபின்னும் பாறைக்குழிகளில் நீர் கிடக்கிறதே, அதுபோல. 'ஓய்ந்த' என்பது நின்றதை மட்டுமே சொல்கிறது; ஏன் நின்றது என்பதை ஆய்வாளர்க்கு விட்டுவிடுகிறது.

விண்மீன் பிறப்பு அடங்கும் நிகழ்வுக்கு 'விண்மீனாக்கத் தணிவு' என்று வேறொரு சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளலாம். பெருக்கே காணாமல் மெல்லத் தணிந்த பேரடைகளும் உள்ளன என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம் என்பது என் கருத்து.