பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்தவை: சுவிட்ச் வாங்கியவர்களின் அனுபவங்கள்

இரவுப்பணி:

எங்கள் இணையதளத்தின் சர்வர்கள் அடுக்கியிருக்கும் எட்டு ரேக்குகளுக்கு, அவற்றை வலையில் இணைக்கும் சுவிட்சுகள் பதினாறு வாங்க வேண்டும். மேஜையில் மூன்று விலைப்புள்ளிகள் கிடக்கின்றன. மூன்றிலும் சர்வர்களுக்கு 25 கிகாபிட்டில் 48 போர்ட், ரேக்கைவிட்டு மேலே போக 100 கிகாபிட்டில் ஆறு. கீழே மொத்தம் 1,200 கிகாபிட், மேலே 600. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் எங்களுக்குப் போதும். காகிதத்தில் இல்லாதது எது என்பதுதான் என் கவலை. பட்டவர்கள் சொல்லுங்கள். நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தைய வேலையில் ஒரு செய்தித் தளம். கூட்டம் அலைமோதும் நாள்களில் பக்கம் திணறும். போக்குவரத்து வரைபடத்தைப் பார்த்தால் 10 கிகாபிட் போர்ட்டில் மூன்று கிகாபிட்கூட ஓடவில்லை. சுவிட்சில் குறை இல்லை என்று எல்லோரும் கையைக் கழுவிவிட்டோம். தாமதமான பக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபோதுதான் விநோதம் தெரிந்தது. ஏறக்குறைய எல்லாமே 200 மில்லி விநாடி அதிகம். லினக்ஸில் பதில் வராத பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரம் அதுதான். ஆக, எங்கோ பாக்கெட் விழுகிறது.

ஒரு பக்கத்தைத் தயாரிக்க எங்கள் வெப் சர்வர், அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் 60 கேஷ் சர்வர்களிடம் ஒரே மூச்சில் கேட்கும். அறுபதும் ஒரே நொடியின் ஒரே நுனியில் பதில் சொல்லும். ஆளுக்கு 50 கிலோபைட் என்றாலும் 3 மெகாபைட் ஒரே போர்ட்டின் வாசலில் வந்து முட்டுகிறது. பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கச் சுவிட்சில் இருந்த மொத்த இடமே, அதாவது பஃபரே, 12 மெகாபைட். அதையும் எல்லாப் போர்ட்டுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றே முழுவதையும் விழுங்கிவிடாதபடி வரம்பும் உண்டு. அந்த நெரிசல் இரண்டு மூன்று மில்லி விநாடிதான். ஐந்து நிமிடச் சராசரி எடுக்கும் வரைபடத்தில் அது எப்படித் தெரியும்? கழித்துக்கட்டப்பட்ட பாக்கெட்டுகளின் கணக்கு அதே சுவிட்சில் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய பஃபர் உள்ள, பல மடங்கு விலையுள்ள பெட்டிக்குக் கையெழுத்துப் போடும் கட்டத்துக்கே போய்விட்டோம். அதற்குள் சகா ஒருவர், மெம்கேஷ் என்ற கேஷ் அமைப்பு பற்றி ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையைக் கொண்டுவந்தார். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை பதிலுக்காகக் காத்து நிற்கலாம் என்பதற்கு அவர்கள் வரம்பு வைத்திருந்தார்கள். நாங்களும் வைத்தோம். பழைய சுவிட்சே அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஓடியது.

செம்புக்கம்பி:

காற்றுத் திசை! விலைப்புள்ளியில் கடைசி வரியில் ஓர் எழுத்தாக இருக்கும், அதையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர்களின் வலைப் போர்ட்டுகள் பின்பக்கம் இருப்பதால் சுவிட்சையும் ரேக்கின் பின்பக்கமே மாட்டுவோம், போர்ட்டுகள் வெப்பக்காற்று வரும் பக்கம் பார்த்தபடி. அப்படியானால் காற்று மின்விசிறிப் பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். எங்களுக்கு வந்தவை நேர் எதிர்த் திசை. சர்வர்கள் கக்கிய வெப்பத்தை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெப்ப எச்சரிக்கை வந்தபோது உணரி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சட்டைப் பையில் இருந்த ரசீதை எடுத்துப் போர்ட் பக்கம் காட்டினேன். பறந்து போக வேண்டிய காகிதம் போர்ட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மின்விசிறியின் பிடி நிறமே திசையைச் சொல்லும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். மின்விசிறியை மட்டும் மாற்றினால் போதாது, மின்வழங்கியும் அதே திசையில் இருக்க வேண்டும். சுவிட்சுக்கு நான்கு விசிறி, இரண்டு மின்வழங்கி. பன்னிரண்டு சுவிட்சுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரட்டைமூளை:

இரண்டு சுவிட்சை அடுக்கி ஒன்றாக இயக்கலாம் என்று விற்க வருவார்கள். நிர்வகிக்க எளிது என்பது உண்மை. ஆனால் இரண்டுக்கும் மூளை ஒன்று. மென்பொருளைப் புதுப்பித்த இரவில் இரண்டும் சேர்ந்தே கண்ணை மூடின. ஒரு ரேக் முழுவதும் பதினோரு நிமிடம் இருட்டு. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்றுதானே இரண்டு வாங்கினோம்?

இப்போது ஒவ்வொரு சுவிட்சும் தனிக்கட்டை. இடையே பி.ஜி.பி., அதாவது எந்த வழியில் போவது என்று சுவிட்சுகள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை. பெரிய டேட்டா சென்டர்களுக்குள் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று 2016இல் வந்த ஆர்.எஃப்.சி. 7938 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விளக்குகிறது. வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள். சுவிட்சில் பி.ஜி.பி.க்குத் தனி உரிமக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். என்னிடம் அது இரண்டாவது பில்லாக வந்தது.

பழையகணக்கு:

எல்லோரும் பெரிய தளம் என்றதும் நூற்றுக்கணக்கான சுவிட்சுகளைக் கற்பனை செய்துகொள்கிறோம். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016இல் தன் வன்பொருள் பட்டியலை வெளியிட்டது. ஒரே நாளில் 20 கோடிக்கும் அதிகமான கோரிக்கைகளைத் தாங்கிய தளம் அது. வெப் சர்வர்கள் பதினொன்று. நடுவில் சிஸ்கோ நெக்ஸஸ் 5596 இரண்டு; ரேக்குக்கு இரண்டு வீதம் 2232 நீட்டிப்புப் பெட்டிகள் பத்து. அந்தப் பெட்டிகள் தாமாக எதையும் திருப்பிவிடாது. பக்கத்துப் போர்ட்டுக்குப் போக வேண்டிய பாக்கெட்கூட நடு சுவிட்ச் வரை ஏறி இறங்கும். கீழே 32 போர்ட், மேலே எட்டு, அதாவது நான்குக்கு ஒன்று. இங்கே பலர் அந்த விகிதத்தைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தங்கள் பாக்கெட் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இரவுப்பணி, உங்கள் இரண்டுக்கு ஒன்று எப்படி வந்தது? அளந்தீர்களா, விலைப்புள்ளியில் அப்படி இருந்ததா?

மூன்றுமீட்டர்:

25 கிகாபிட்டில் செம்புக் கேபிள் ஐந்து மீட்டர்தான், அதுவும் வழியில் சிதையும் தரவைச் சரிசெய்யும் பிழைதிருத்த முறை இருபுறமும் ஒன்றாக இருந்தால். எங்களுக்குச் சர்வர் அட்டையில் ஒரு முறை, சுவிட்சில் வேறு முறை. இணைப்பு விளக்கே எரியவில்லை. நாற்பது கேபிளை மாற்றி மாற்றிச் செருகிய பிறகு, ஒரே ஒரு கட்டளையில் தீர்ந்தது.

இரவுப்பணி:

பழையகணக்கு ஐயா, மாட்டிவிட்டீர்கள். அளக்கவில்லை, விலைப்புள்ளியில் அப்படி இருந்தது. இந்த வாரம் ஒவ்வொரு விநாடியும் கணக்கெடுக்க ஏற்பாடு செய்கிறேன்.

செம்புக்கம்பி சொன்னதைக் கேட்டு மூன்று விலைப்புள்ளிகளையும் மறுபடி புரட்டினேன். இரண்டில் காற்றுத் திசை ஒன்றுக்கொன்று முரண்படுகிறது. மூன்றாவதில் அந்த வரியே இல்லை.