கச்சேரியின் முதல் ஐந்து நிமிடங்கள்: உங்கள் நினைவில் நிற்கும் மேடைத் தொடக்கங்கள் எவை?

நடுவரிசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ராக் இசைக்குழுக்களின் நேரடிக் கச்சேரிப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: விளக்குகள் அணைகின்றன, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, புகை கிளம்புகிறது, குழுவின் வேகமான பாட்டு ஒன்று வெடிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காசு கொடுத்து வந்தவர்களுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால், மக்கள் எதைக் கேட்க வந்தார்களோ அதை உடனே கொடுத்துவிடாமல் சற்று நிறுத்திவைக்கும் தொடக்கங்களே என் மனத்தில் தங்குகின்றன.

மெட்டாலிகா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே 1966இல் வெளிவந்த 'த குட், த பேட் அண்ட் த அக்லி' படத்துக்காக அமைத்த 'தி எக்ஸ்டசி ஆஃப் கோல்டு' என்ற இசையை, தாங்கள் மேடையேறும் முன் ஒலிபரப்புவதை 1983 முதல் அவர்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். கல்லறைகளுக்கு நடுவே புதையலைத் தேடி ஒருவன் வெறிபிடித்தாற்போல் ஓடும் அந்தப் படத்தின் காட்சி பின்திரையில் ஓடுகிறது; சொற்களே இல்லாத அந்த மெட்டை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். குழுவினர் இன்னும் ஒரு தந்தியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். 1999 ஏப்ரலில் பெர்க்லியில் சான் பிரான்சிஸ்கோ சிம்பனியோடு அவர்கள் நடத்திய கச்சேரியில், மைக்கேல் கேமன் தலைமையில் சிம்பனிக் கலைஞர்களே அந்த இசையை நேரில் வாசித்தார்கள். அவர்களுடைய தொடக்கங்களில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கணிப்பு.

இதுபோல வேறு எவற்றைச் சொல்வீர்கள்? தொடக்கத்துக்கும் அதன் பின் வந்த கச்சேரிக்கும் உறவு இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

பழைய கேசட்

உங்கள் நிபந்தனையை வைத்துப் பார்த்தால், பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1980, 1981 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்கை அடுத்த யூனியன்டேல், லண்டன், ஜெர்மனியின் டார்ட்மண்ட் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் நடத்திய 'த வால்' (சுவர்) நிகழ்ச்சிக்கு ஈடாக என்னால் இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஓர் அறிவிப்பாளர் வந்து, பட்டாசு வெடிக்க வேண்டாம் என்பது போன்ற வழக்கமான வேண்டுகோள்களைச் சாவகாசமாக அடுக்கிக்கொண்டிருப்பார். பிறகு பேரோசையோடு முதல் பாட்டு தொடங்கும். நான்கு பேர் மேடையில் நிற்பார்கள். இதோ வந்துவிட்டார்கள் என்று கூட்டம் கூத்தாடும். ஆனால் அந்த நால்வரும் பிங்க் ஃபிளாய்ட் அல்லர். குழுவினரின் முகங்களிலிருந்தே வார்ப்பெடுத்த முகமூடிகளை அணிந்த மாற்றுக் கலைஞர்கள் அவர்கள். உண்மையான குழு அதற்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வரும். அந்த முதல் பாட்டின் வரிகளும் கூட்டத்தைப் பார்த்தே பேசுகின்றன: வேடிக்கை பார்க்கத்தானே வந்தாய், நீ எதிர்பார்த்தது இதுவல்லவோ, இந்தக் கண்களுக்குப் பின்னால் இருப்பதைக் காண வேண்டுமென்றால் வேஷத்தைக் கிழித்துக்கொண்டு வா என்ற பொருளில் அவை அமைந்திருக்கின்றன. பாட்டு முடியும்போது ஒரு விமான மாதிரி பார்வையாளர்களின் தலைக்கு மேல் பறந்து சென்று மேடையில் மோதி விழும்.

இதன் பின்னணி தெரிந்தால் இன்னும் நன்றாக விளங்கும். 1977 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த கச்சேரியில், முன்வரிசையில் கூச்சலிட்ட ரசிகர் ஒருவர் மீது குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் எச்சில் துப்பிவிட்டார். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவருக்கு வளர்ந்தது. நிகழ்ச்சியின் முற்பாதி முழுவதும், பாட்டுகள் போய்க்கொண்டிருக்கும்போதே, பணியாளர்கள் அட்டையாலான செங்கற்களை அடுக்கிக்கொண்டே வருவார்கள். இடைவேளைக்குள் சுமார் 40 அடி உயரச் சுவர் குழுவினரை முற்றாக மறைத்துவிடும். இவ்வளவு தொலைவில் நிற்பவர்களுக்கு நாங்கள் யாராக இருந்தால் என்ன என்று முதல் நிமிடத்திலேயே முகமூடிகளைக் கொண்டு கேட்டுவிட்டு, மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்வியையே கட்டி எழுப்புகிறார்கள். கூட்டத்தை ஏமாற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேறு எந்தக் குழுவுக்கும் இருந்ததில்லை.

தாளக்காரன்

நிறுத்திவைப்பதுதான் உயர்ந்தது என்ற தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் பதிவு செய்த கச்சேரியைக் கேளுங்கள். அதன் தொடக்கத்தில் ஒளிவுமறைவே இல்லை. ஃபேட்ஸ் கோண்டர் என்ற அவருடைய ஆர்கன் கலைஞர் ஒலிவாங்கியின் முன் வந்து, பிரவுனின் புகழ்பெற்ற பாட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவுகிறார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஊதுகருவிகள் ஓர் அடி அடித்து நிற்கின்றன. அடுத்த பெயருக்கு அந்த அடி ஒரு படி மேலே ஏறுகிறது. பட்டியல் முடிவதற்குள் கூட்டத்தின் கூச்சல் பொறுக்க முடியாத அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. என்னவெல்லாம் கிடைக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அவர்களைத் தவிக்கவிடுகிறார்கள்.

நேரடிப் பதிவெல்லாம் விற்காது என்று பதிவு நிறுவனத்தின் தலைவர் மறுத்துவிட்டதால், பிரவுன் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதைப் பதிவு செய்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமே அரை மணி நேரம்தான்.

மிக்சர் மேசை

மேடைக்கு எதிர்ப்புறத்தில், கச்சேரியின் ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் ஒலிப் பலகைக்கு (மிக்சர்) பின்னால் நிற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். மாலையில் காலி அரங்கில் சரிபார்த்து வைத்த ஒலி அளவுகள், கூட்டம் நிறைந்த பிறகு அப்படியே நிற்பதில்லை. மனித உடல்களும் உடைகளும், குறிப்பாகக் கூரிய ஒலிகளை, நன்றாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. அரங்கின் வெப்பமும் ஈரப்பதமும் மாறிவிடுகின்றன. எனவே முதல் பாட்டு ஓடும்போதுதான் எங்களுக்கு உண்மையான வேலை நடக்கிறது. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் தொடங்கினால், குரல் ஏன் அமுங்குகிறது, எந்தக் கருவி அதை மூடுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பாட்டே முடிந்துவிடும். கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட முன்னோட்ட இசைக்கும் இப்படி ஒரு பயன் உண்டு: இருட்டில் கலைஞர்கள் தங்கள் இடத்துக்கு வந்து, கிட்டாரை மாட்டிக்கொண்டு, தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்க உதவும் மானிட்டரைக் காதில் செருகிக்கொள்ள அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் தேவைப்படுகின்றன.

ஆகவே என் தேர்வு டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் நடந்த அவர்களுடைய கச்சேரிகளை ஜோனதன் டெம்மி 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்ற படமாக எடுத்தார். படம் 1984இல் வெளிவந்தது. திரைச்சீலை இல்லாமல் பின்சுவர் அப்பட்டமாகத் தெரியும் மேடையில், குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் தனியாக நடந்து வருகிறார். கேசட் பிளேயர் ஒன்றைத் தரையில் வைத்து, ஒரு நாடாவைப் போட்டுக் காட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டு, அதன் தாளத்துக்கு அக்கூஸ்டிக் கிட்டாரை வாசித்துப் பாடுகிறார். (தாளம் அந்தப் பெட்டியிலிருந்து வரவில்லை, ரோலண்ட் டிஆர்-808 என்ற தாளக் கருவியிலிருந்து மிக்சர் வழியாக வந்தது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பொய்கள் அனுமதிக்கப்பட்டவை.) பாட்டின் இறுதிப் பகுதியில் தாளம் திடீர் திடீரென்று சிதற, குண்டடி பட்டவரைப் போல பைர்ன் மேடையெங்கும் தடுமாறுகிறார்.

இரண்டாம் பாட்டுக்கு டீனா வேமவுத் பேஸ் கிட்டாரோடு வந்து சேர்கிறார். அதற்குள் கறுப்பு உடை அணிந்த பணியாளர்கள் டிரம்ஸ் மேடையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாம் பாட்டுக்குக் கிறிஸ் ஃப்ரான்ட்ஸ், நான்காம் பாட்டுக்கு ஜெர்ரி ஹாரிசன், பிறகு பின்னணிப் பாடகியர், தாளக் கலைஞர், கீபோர்டு என்று சேர்ந்து ஒன்பது பேராக நிறைகிறார்கள். ஒவ்வொரு ஒலியும் தனியாக அறிமுகமாகிப் பிறகு கூட்டத்தில் கலப்பதால், ஒன்பது பேரும் ஒருசேர வாசிக்கும்போதும் டீனாவின் பேஸ் எது என்று பார்வையாளருக்குத் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. தொடக்கம் எங்கே முடிந்து கச்சேரி எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்கவும் முடியாது.

நடுவரிசை

மூவருக்கும் நன்றி. பைர்னின் தொடக்கத்தை வெறும் நாடக உத்தியாகவே இதுவரை பார்த்து வந்தேன். காது பழகும் விதத்தைப் பற்றிய விளக்கம் எனக்குப் புதிது. தாளக்காரன் அவர்களுக்கு ஒரு சொல்: கோண்டர் பட்டியலை நீட்ட நீட்ட, பிரவுன் திரைக்குப் பின்னால்தானே இருக்கிறார்? அதுவும் நிறுத்திவைப்பதில்தான் சேரும் என்று வாதிட எனக்கு ஆசை.

தாளக்காரன்

வாதிடுங்கள். ஆனால் பட்டியலில் சொன்ன பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர் பாடிவிடுகிறார். மோரிக்கோனேவின் இசையைத் தருவதாக மெட்டாலிகா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தம்புரா

திட்டமிடாமல் அமைந்த தொடக்கம் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். 1971 ஆகஸ்ட் 1 அன்று, வங்கதேச அகதிகளுக்காக, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்திய நிகழ்ச்சியை ரவிசங்கரின் சிதார், அலி அக்பர் கானின் சரோட், அல்லா ரக்காவின் தபலா ஆகியவையே தொடங்கிவைத்தன. ராக் நட்சத்திரங்களைப் பார்க்க வந்திருந்த கூட்டம் அது. மூவரும் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சிரித்தபடி சொன்னார். அதைச் சொல்லிப் பலர் இன்றும் அந்தக் கூட்டத்தைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டுப் பழகாத ஒலியை அமைதியாகக் கேட்டுவிட்டுக் கைதட்டியவர்கள் அவர்கள். அடுத்து வந்த நீண்ட வாசிப்பையும் அவர்கள் பொறுமையாகவே கேட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் கூட்டமும் கலைஞர்களும் இறுக்கம் தளர்ந்தார்கள் என்பதைப் பதிவிலேயே உணரலாம்.

பழைய கேசட்

பதிவுகளை வைத்து முடிவு செய்யும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. த பேண்ட் குழுவினர் 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்டில் நடத்திய விடைபெறு கச்சேரியை மார்ட்டின் ஸ்கோர்செசி 'த லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற படமாக்கினார். அந்த இரவில் எல்லாம் முடிந்த பிறகு கூட்டத்துக்காகக் கடைசியாக வாசித்த பாட்டோடுதான் படம் தொடங்குகிறது. அரங்கில் இருந்தவர்கள் முதலில் கேட்டது 'அப் ஆன் கிரிப்பிள் கிரீக்'. எனவே இங்கே இனி எழுதுபவர்கள், தாங்கள் சொல்வது மேடையில் நடந்த தொடக்கமா, படத்தொகுப்பு மேசையில் உருவான தொடக்கமா என்பதையும் குறிப்பிட்டால் நல்லது.