மணிப்பூரில் இம்பால், மொய்ராங், லோக்தாக் போய்வந்தவர்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்கள்

தெற்குவாசல்

ரெட் ஹில் எல்லாருக்கும் தெரியும்தானே, திட்டிம் ரோட்டில், நம்போல் பக்கம். பழைய ராணுவ வரைபடத்தில் பாயிண்ட் 2926. அது அடிக்கணக்கு. இம்பால் சமவெளியே சுமார் 2,600 அடியில் இருப்பதால், கீழே நின்று பார்த்தால் ஒரு சின்னக் கரடு. இதற்காகவா அத்தனை பேர் செத்தார்கள் என்று தோன்றும். பிரிட்டிஷ் இந்தியப் படையிடமிருந்து இம்பாலைப் பிடிக்க வந்த ஜப்பான்காரர்கள் 1944 மே கடைசியில் இங்கே இருந்தபோது இம்பாலுக்கு வெறும் 16 கிலோமீட்டர்தான் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடிவாரத்து நினைவிடத்தில் (1994இல் கட்டியது, மியூசியம் அப்புறம் 2019இல்தான் வந்தது) ஒரு ஜப்பானியப் பெரியவர், எண்பதை நெருங்கியவர், மகளோடு வந்திருந்தார். பையிலிருந்து பிஸ்லெரி பாட்டிலை எடுத்துக் கல்லின் மேல் ஊற்ற ஆரம்பித்தார். நம் ஊரில் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற அதே நிதானம். ஒரு பாட்டில் தீர்ந்ததும் மகள் அடுத்ததைத் திறந்து கொடுத்தார். நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டிலும் யாராவது?" என்று மகள் வழியாகக் கேட்டார். என் அம்மாவின் அப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் லாரி ஓட்டிக்கொண்டு பர்மா வரை போனவர். சொன்னேன். பெரியவர் தலையாட்டிவிட்டு, பாதி மிச்சமிருந்த பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குடிக்கக் கொடுத்தாரா, ஊற்றக் கொடுத்தாரா, இன்றுவரை தெரியவில்லை. நான் குடித்தேன்.

வைகறை

ஐயோ, ஊற்றத்தான் கொடுத்திருப்பார்!

கெண்டைக்குஞ்சு

அது அவருக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவில் உள்ள விஷயம், வைகறை. நான் லோக்தாக் ஏரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

பும்டியை மிதக்கும் தீவு என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். படம் பார்த்தால் அப்படித்தான் தெரியும். செந்த்ராவிலிருந்து படகில் போய் ஒன்றின் மேல் இறங்கினேன். மக்கிய வேரும் புல்லும் மண்ணும் கலந்த ஒரு தடித்த அடை. கால் வைத்த இடத்தில் கணுக்கால்வரை தண்ணீர் ஊறுகிறது, எடுத்தால் மெல்ல மேலே வருகிறது. நான் ஒரு எட்டு வைத்தால் நாலடி தள்ளி நிற்கும் நாணல் ஆடுகிறது. படகோட்டி வந்த அக்கா மூங்கில் கழியை என் பாதத்துக்குப் பக்கத்தில் குத்தினார். கொஞ்சம் தடுத்தது, அவ்வளவுதான். சளக்கென்று உள்ளே போய் அவர் கைப்பிடிவரை இறங்கிவிட்டது. அதுவரை அதன் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் உறுத்துகிறது. முன்பெல்லாம் மழை இல்லாத மாதங்களில் ஏரி வடியும், பும்டி இறங்கித் தரையில் உட்காரும், வேர்கள் அடிச்சேற்றில் சத்தை எடுத்துக்கொண்டு மழைக்கு மறுபடி மிதக்கும். 1983இல் இதாய் தடுப்பணை வந்தபிறகு மின்சாரத்துக்காக ஆண்டு முழுக்கத் தண்ணீரை ஏற்றியே வைக்கிறார்கள். பும்டி தரையைத் தொடுவதே இல்லை, மெலிந்துகொண்டே போகிறது. கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில் சங்காய் மானுக்கு நடக்க வேறு தரை கிடையாது. 1951இல் அற்றுப்போய்விட்டது என்று எழுதிவிட்டார்கள், இரண்டு வருஷத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள், 1975 கணக்கெடுப்பில் 14. 2016 கணக்கெடுப்பில் 260. மறுநாள் விடியற்காலையில் கோபுரத்திலிருந்து ஒரு ஆண் சங்காயைப் பார்த்தேன். நம் ஊர் மான் மாதிரி குளம்பு நுனியில் நடப்பதில்லை, காலின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பதித்து நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றிவிட்டு, பாரத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துகிறது. தினமும் நடக்கிற இடத்தையே அது இன்னும் நம்பவில்லை.

பழைய பட்டாளம்

போர்க்களம் பற்றிப் பேசும் இடத்தில் மான் எப்படி வந்தது என்று தெரியவில்லை. போகட்டும். தெற்குவாசல் தம்பி, ரெட் ஹில் ரோட்டோரம் இருப்பதால் எல்லாரும் அங்கே இறங்கிப் போட்டோ எடுத்துவிட்டு "இம்பால் போர்க்களம் பார்த்தேன்" என்கிறீர்கள். ஷெனாம் போனீர்களா? நுங்ஷிகும் ஏறினீர்களா? மார்ச் முதல் ஜூலை வரை மூன்று ஜப்பானிய டிவிஷன்கள் வந்து மோதிய சண்டையை ஒரு கரட்டில் முடிக்கக் கூடாது.

நான் நுங்ஷிகும் ஏறினேன். 1944 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் டாங்கிகள் ஏறிய மலை. 3,833 அடி. டாங்கி ஏறாது என்றுதான் மேலே இருந்த ஜப்பான்காரர்கள் நினைத்தார்கள். அந்த டாங்கி ஸ்குவாட்ரனின் அதிகாரிகள் எல்லாரும் செத்தோ காயப்பட்டோ விழுந்தபிறகு ஒரு சார்ஜென்ட் மேஜர் நடத்தி முடித்தார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடத்தில் நான் உட்கார்ந்துதான் இறங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் மாடு மேய்க்கும் பையன் வெறுங்காலோடு ஓடி இறங்கினான். முப்பது டன் எடையுள்ள இரும்பு இதில் எப்படி ஏறியது என்பது டாங்கி ரெஜிமெண்டில் இருந்த எனக்கே விளங்கவில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். 2020 ஜனவரியிலிருந்து மணிப்பூருக்கு இன்னர் லைன் பெர்மிட் (வெளிமாநிலத்தார் உள்ளே போக அனுமதிச் சீட்டு) வேண்டும், தமிழ்நாட்டுக்காரனுக்கும்தான். ஆதாரின் நகல் நாலைந்து எடுத்து வையுங்கள், செக்போஸ்டில் போனைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். எந்தத் துருப்பிடித்த இரும்பையும் தொடாதீர்கள். எண்பது வருஷம் ஆனாலும் அங்கே இன்னும் குண்டு கிடைக்கிறது, உள்ளூர்க்காரர் காட்டினாலும் கையில் வாங்காதீர்கள். இம்பாலில் போர்க் கல்லறைத் தோட்டம் இரண்டு இருக்கிறது, ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டாவதில்தான் இந்தியப் படையினர். மழைக்காலத்தில் மலை ஏறாதீர்கள், அட்டை கடிக்கும். ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், கிழக்கே அவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். காலை ஐந்துக்குக் கிளம்பினால்தான் ஒரு இடமாவது உருப்படியாகப் பார்க்கலாம். கூடவே ஒரு வரைபடம், அச்சடித்தது. மலையில் சிக்னல் இருக்காது. பிஸ்கட் வாங்கினால் இம்பாலிலேயே வாங்கிவிடுங்கள்.

கெண்டைக்குஞ்சு

மான் எப்படி வந்ததா? பிஸ்கட் வந்த வழியாகத்தான் வந்தது ஐயா.

வைகறை

மொய்ராங் பற்றி யாருமே எழுதவில்லையே! நேதாஜி கொடியேற்றிய மண். உள்ளே நுழைந்ததும் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம்_தலைமுறை

வைகறை, மொய்ராங்கில் கொடியேற்றியவர் கர்னல் சௌகத் அலி மாலிக். 1944 ஏப்ரல் 14, ஐ.என்.ஏ.வின் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) பகதூர் குரூப். நேதாஜி அங்கே வரவில்லை. அவர் ஏற்றியது 1943 டிசம்பர் 30, போர்ட் பிளேரில். மியூசியத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்.

கோபமாக எழுதியதுபோல் இருந்தால் மன்னிக்கவும். எனக்கு இது வீட்டு விஷயம். நான் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டனாரின் தம்பி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஐ.என்.ஏ.வில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் ஏராளம். எந்த ரெஜிமெண்ட், எங்கே செத்தார், ஒன்றும் கிடையாது. "இம்பால் போனான்" என்று மட்டும் பாட்டி சொல்வார். ஒரு போட்டோகூட இல்லை.

மொய்ராங் மியூசியத்தில் குரூப் போட்டோக்களில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமே தெரியாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனாலும் பார்த்தேன். அங்கே வேலை செய்பவர் ஒருவர் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, எந்த ஊர் என்றார். தமிழ் என்றேன். மலேசியா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர், "ஓ, மோரே?" என்றார்.

அவருக்குத் தமிழன் என்றால் நூறு கிலோமீட்டர் தள்ளி பர்மா எல்லையில் கடை வைத்திருக்கிறவன். மூன்று தலைமுறையாக மலேசியாவில் எங்களை இந்தியாக்காரன் என்கிறார்கள், இந்தியாவில் எல்லா இடத்திலும் மலேசியாக்காரன் என்கிறார்கள். அந்த ஒருவர் மட்டும்தான் என்னைப் பக்கத்து ஊர்க்காரன் என்று நினைத்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

வெளியே சிங்கப்பூர் ஐ.என்.ஏ. நினைவுத் தூணின் நகல் இருக்கிறது, "இத்திஹாத், இத்மாத், குர்பானி" (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்) என்று. அசலை 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். அதன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், என்னையும் ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லைவீடு

ஐயா, அந்த "மோரே?" நாங்கள்தான். 1962இல் ராணுவ ஆட்சி வந்தபிறகு பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, தமிழ்நாட்டில் ஒட்டாமல், தரைவழியாக பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு உட்கார்ந்த ஊர். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினோம், சங்கம் வைத்தோம். அடுத்த முறை யாராவது கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய பட்டாளம் ஐயா, ஷெனாம் ஷெனாம் என்கிறீர்கள். எங்களுக்கு அது இம்பாலுக்குப் போகிற வழி. டெங்னோபால் பக்கம் செக்போஸ்டில் பஸ் நிற்கும். ஆண்கள் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சரிவைப் பார்ப்பேன். பள்ளம் பள்ளமாகப் பழைய பதுங்குகுழிகள், உள்ளே புல் மண்டியிருக்கும். "அது ஜப்பான் லான் காலத்துது" என்பார் அப்பா. அங்கே அந்தச் சண்டைக்கு அதுதான் பெயர்.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்ததற்குப் பிறகு ஒருமுறை போனேன். எந்த இடம், யாருடையது என்று எழுத மாட்டேன். மேட்டில் மணல் மூட்டை அடுக்கிய புதுப் பதுங்குகுழி. ஒரு பையன் காதில் இயர்போனோடு காவலுக்கு நின்றான். ப்ளஸ் டூ படிக்கிற வயது. எங்கள் வேனை நிறுத்தி டிரைவரிடம் ஏதோ கேட்டான். எனக்குக் கை நடுங்கியது. அவன் கேட்டது பவர்பேங்க். டிரைவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வேன் நகர்ந்ததும், "திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வீர்களா?" என்றேன். "எந்த ரோட்டில் திரும்புவோம் என்று தெரியாதே" என்றார்.

எது உண்மையான போர்க்களம் என்ற சண்டையில் என்னைச் சேர்க்காதீர்கள்.

பழைய பட்டாளம்

சரிம்மா. நான் போனது அதற்கெல்லாம் முன்னால். உங்கள் வீட்டார் இப்போது எங்கே?

எல்லைவீடு

சித்தப்பா குடும்பம் மட்டும் மோரேயில். மற்றவர்கள் வியாசர்பாடி. இப்போது போகப் போகிறவர்கள் மொய்ராங் வரை ரோடு எப்படி என்று இம்பாலில் தங்கும் இடத்திலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். போன மாதம் போனவர் சொன்னதை நம்பாதீர்கள், அங்கே வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும்.