மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதே

(குழு: நம்ம வீட்டார்)

கார்த்தி: கொச்சி வந்துவிட்டோம். இப்போது மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்தில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அத்தை: கீழே பார். நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது.

கார்த்தி: ஆமாம் அத்தை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்கிறதா என்று பாப்பா குனிந்து தேடிக்கொண்டிருக்கிறாள். இதுவரை கிடைக்கவில்லை.

பெரியப்பா: அது 1568-இல் கட்டியது. யூதர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே கேரளத்தில் இருந்தார்கள், கொடுங்கல்லூர்ப் பக்கம். சங்கப் பாட்டில் வரும் முசிறி அந்த வட்டாரம்தான். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய துறை மண்மூடி, கொச்சியில் புது முகத்துவாரம் திறந்தது என்பார்கள். கப்பல் போன இடத்துக்கு வணிகரும் போனார்கள். 1344-இல் கொச்சங்காடியில் ஓர் ஆலயம் எழுந்தது. கட்டடம் இப்போது இல்லை. அதன் கல்வெட்டு நீ நிற்கும் ஆலயத்தின் வெளிச்சுவரில் பதிந்திருக்கிறது. போகும்போது பார்த்துவிடு.

சித்தி: அதை ஏன் பரதேசி ஆலயம் என்கிறார்கள்?

அத்தை: பரதேசி என்றால் அங்கே வெளிதேசத்தார். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இருக்க விடாமல் விரட்டப்பட்டவர்களும் வந்து சேர்ந்து கட்டினார்கள். ஆனால் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களை அவர்களே சமமாக உட்கார விடவில்லை. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்த வழிவந்த வழக்கறிஞர் ஏ.பி.சேலம் உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார்.

பெரியப்பா: செப்பேட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவி, யூத வணிகத் தலைவர் யூசுப் இரப்பானுக்குக் கொடுத்தது. வட்டெழுத்து. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 சிறப்புரிமைகளும் தருகிறார். உல்கும் துலாக்கூலியும் கட்ட வேண்டாம். பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, தோரணம் எல்லாம் உண்டு. உலகும் சந்திரனும் உள்ளவரை, பரம்பரையாக.

கார்த்தி: பாவாடையா பெரியப்பா?

பெரியப்பா: நடந்து வரும்போது காலடியில் விரிக்கும் துணி. அந்தோளகம் பல்லக்கு. உல்கு சுங்கம், துலாக்கூலி எடை போடும் கூலி. வாசித்துப் பார், பாதி நமக்கே புரியும். எனக்கு முதல் தடவை உடம்பு சிலிர்த்தது.

சித்தி: இப்போது அவர்கள் எல்லாம் எங்கே?

அத்தை: 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரில் கொச்சிக்காரர்கள் குடியேறினார்கள். ஆற்றங்கரையில் பிறந்தவர்கள், பாலைவனத்தில் பயிர் செய்தார்கள்.

பெரியப்பா: கார்த்தி, மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதே. நாளை சேந்தமங்கலம் போ.

சித்தி: நாமக்கல் பக்கமா?

பெரியப்பா: இல்லைம்மா, வட பறவூர்ப் பக்கம். கோயில், மசூதி, சர்ச், ஜெப ஆலயம் நான்கும் நடக்கிற தூரத்தில். ஆலயத்தின் முன் 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்தில் சாரா என்ற பெண்ணின் பெயர். பறவூரிலும் ஓர் ஆலயம் அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லாம் பெரியாற்றுக் கிளைகளை ஒட்டித்தான்.

கார்த்தி: சரி பெரியப்பா, காலையிலேயே கிளம்புகிறோம்.

அத்தை: சாராவின் கல்லைப் படம் எடுத்து அனுப்பு. வெயில் சாய்வாக விழும்போது எடு, அப்போதுதான் எழுத்து தெரியும்.