சொட்டுநீர்ப் பாசன ஆய்வுக்குக் கருத்துருச் சட்டகம் அமைப்பது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி, அன்னூர்):
அனைவருக்கும் வணக்கம். அன்னூர், அவிநாசி வட்டாரங்களில் உழவர்கள் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுவதையும் அதனால் நிலத்தடி நீர் மிச்சமாவதையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வயது, கல்வி, நிலப்பரப்பு, மானியம், கடன் எனப் பதினான்கு மாறிகளைப் பெட்டிகளாக வரைந்து, எல்லாவற்றிலிருந்தும் ‘ஏற்பு’ (சொட்டுநீருக்கு மாறுதல்) என்னும் பெட்டிக்கு அம்புக்குறி இட்டேன். இது பட்டியலே தவிரக் கருத்துருச் சட்டகம் ஆகாது என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். புதிய முறைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று விளக்கும் ரோஜர்ஸின் புத்தாக்கப் பரவல் கோட்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் போதுமா?

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர், கோயம்புத்தூர்):
போதாது, அம்மணி. 1962இல் ரோஜர்ஸ் முன்வைத்தது உங்களுக்குக் கோட்பாட்டுச் சட்டகம், அதாவது ஆய்வு சாய்ந்து நிற்கும் பொதுக் கோட்பாடு. உங்கள் வட்டாரத்தில் எது, எதன் வழியாக, எதை மாற்றுகிறது என்று நீங்கள் கருதுவதே கருத்துருச் சட்டகம். ஒவ்வோர் அம்புக்கும் காரணம் கூறும் ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எழுத வராத அம்பை அழித்துவிடுங்கள். ஐந்து ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் என்பதால், நிலப்பரப்பு மானியத்தின் வழியாகவும் ஏற்பைத் தொடுகிறது. அந்தப் பாதையில் மானியம் இடையீட்டு மாறியாக நிற்கும்.

பதில் (உழவர், ஆய்வு முடித்தவர், பொங்கலூர்):
உங்கள் பட்டியலில் கூட்டுக் கிணறு இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. எங்கள் பங்காளிகள் மூவருக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் இறைக்கிறோம். சொட்டுநீருக்கோ நாள்தோறும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். மூன்று நாளுக்கு ஒருதரம் மட்டுமே இறைக்கும் முறை வருபவர் தொட்டி கட்டாமல் அதைப் போட முடியாது. ஆகவே மானியம் ஒன்றாகவே இருந்தாலும் தனிக்கிணறு உள்ளவரிடம் அதன் விளைவு கூடும், பங்குக்காரரிடம் குறையும். இப்படி இன்னொன்றின் விளைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் கிணற்றுப் பங்கே மட்டுறுத்தும் மாறி.

அதைவிட முக்கியமாக, ஏற்பிலிருந்து நீர்மிச்சத்துக்கு நீங்கள் இட்டிருக்கும் அம்பை நேராக விடாதீர்கள். நாங்கள் மிச்சமான தண்ணீரைக் கிணற்றில் விட்டுவைக்கவில்லை. மேட்டாங்காட்டில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தோம். மின்சாரம் இலவசம் என்பதால் கூடுதலாக இறைக்கச் செலவும் தடையில்லை. ‘சாகுபடிப் பரப்பு’ என்னும் பெட்டியை நடுவில் வைத்தால்தான், மிச்சமாகும் என்ற உங்கள் கருதுகோள் பொய்த்துப்போகவும் இடமிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா, அண்ணா. வயதையும் கல்வியையும் முதன்மைப் பாதையிலிருந்து நீக்கிவிட்டேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் நீர் நிரம்பும் குளங்களுக்கு அருகிலுள்ள ஊர்களை விட்டுவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
விட வேண்டாம். ஆனால், அத்திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டு 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் தருவதால், அங்கே கிணற்று மட்டம் உயர்ந்தால் அது குளத்தாலா சொட்டுநீராலா என்று பிரித்தறிய இயலாமல் போகும். ஆகவே, குளத்தின் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்க உதவும் கட்டுப்பாட்டு மாறியாகக் குளத்திலிருந்து கிணறு உள்ள தொலைவைச் சேர்த்து, வினாநிரலிலும் அதற்கு ஒரு கேள்வி வையுங்கள்.