மடையடியில் வந்த சினம்

கேள்வி (மன்னார்குடிப் பக்கத்து விவசாயி):
மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள்களாகும். அப்படி வந்த முதல் தண்ணீரை மேல்வயல்காரரான பங்காளி அடைத்துவிட்டார் என்று எண்ணி, ஊரார் முன்னிலையில் அவரை ஏசிவிட்டேன். மறுநாள் பார்த்தால், ஆகாயத்தாமரை திரண்டு மடைவாயை அடைத்திருந்தது. கண்ணெதிரே இருந்ததை நான் ஏன் காணவில்லை?

பதில் (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை):
தம்பி, சினம் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் சாட்சியைத் தேடும். அட்ரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கும்போது, எதிரியாகத் தோன்றுபவர் மீதே கவனம் குவிவதால், சுற்றியிருப்பவை மங்கிவிடுகின்றன. திருக்குறளின் 31ஆம் அதிகாரமான வெகுளாமை, தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவரையே சினம் காப்பவர் என்கிறது. உங்கள் சினம் பலிக்காத பாசன அதிகாரியிடம் இப்படிப் பேசியிருப்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

பதில் (கும்பகோணம்):
தண்ணீர்த் தகராறு மூண்டால், என் தகப்பனார் வாய்க்கால் கரையோடு தலைமடைவரை நடந்துவிட்டு வந்த பிறகுதான் வாய் திறப்பார். அதற்குள் அடைப்பும் தென்பட்டுவிடும், கொதிப்பும் தணிந்துவிடும். அதற்காக அவர் தம் முறைத்தண்ணீரை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

கேட்டவர்:
ஊரார் முன் சொன்ன சொல்லை ஊரார் முன்பே திரும்பப் பெறுகிறேன், அம்மா. நாளைக் காலை அந்தப் பங்காளி அண்ணனையே அழைத்துக்கொண்டு வாய்க்காலைத் தூர்வாரப் போகிறேன்.