ஃபேட் டயருக்கும் அகல ரிம்முக்கும் தமிழ்: வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கு.செ. (இராமநாதபுரம்), செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம்.

தங்கச்சிமடத்தில் பாசி எடுக்கிற பெண்களுக்கும் மீன் கூடை கொண்டுபோகிறவர்களுக்கும் பார சைக்கிள் பராமரிப்பு வகுப்பு நடத்துகிறோம். அதற்கு ஒரு சின்னக் கையேடு. வெள்ளி மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்ற சொற்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. ("சரக்கு சைக்கிள்" என்றுதான் முதலில் வைத்திருந்தோம். வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை. அதனால் "பார சைக்கிள்".) முட்டிக்கொண்டு நிற்பவை இரண்டு: ஃபேட் டயர், அதைத் தாங்கும் அகலமான ரிம்.

தெரியாதவர்களுக்காக: நம் ஊர் கறுப்பு சைக்கிளில் இருப்பது 28க்கு ஒன்றரை அங்குல டயர். இது 26க்கு நாலு அங்குலம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கரைவலை இழுக்கிற இடமும் பாசி காயப்போடுகிற இடமும் தார்ச்சாலையிலா இருக்கின்றன? இறங்கினால் மணல். ஒன்றரை அங்குல டயர் கூடையோடு அப்படியே புதைகிறது.

சொல் கொடுங்கள். பாட்டு வேண்டாம்.

அ.ந. (மதுரை), செவ்வாய் நண்பகல்

தம்பி, பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், விடை பாட்டில்தான் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணரின் உப்பு வண்டியைச் சொல்லும்போதே செய்து கொடுத்துவிட்டார். பெரும்பாணாற்றுப்படை:

கொழுஞ்சூட்டு அருத்திய திருந்துநிலை ஆரத்து
முழவின் அன்ன முழுமர உருளி

சூட்டு என்பது ஆரக்கால்கள் போய்ச் செருகுகிற சுற்றுவிளிம்பு. கொழுமை பருமை. கொழுஞ்சூட்டு என்றால் பருத்த விளிம்பு, அதாவது நீங்கள் கேட்கிற அகல ரிம், எழுத்துக்கு எழுத்து. அதுவும் உப்பு வண்டிக்கு. உங்கள் வாலிநோக்கத்தில் இன்றும் உப்பளம் இருக்கிறது. உப்பு வண்டிக்கு ஆன சொல் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு ஆகாதா?

டகரமும் ரகரமும் மொழிக்கு முதலில் வாரா என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். டயர், ரிம் இரண்டும் வாசலிலேயே நிற்கட்டும்.

சா.மு. (கோவை), செவ்வாய் மாலை

ஐயா, மேற்கோள் அருமை. ஆனால் அட்டவணையில் "சூட்டு அகலம் 80 மி.மீ." என்று போட்டால் படிக்கிறவர் உடம்புச் சூட்டை நினைப்பாரா, கோட்டு சூட்டை நினைப்பாரா?

மொழிமுதல் விதியைப் பற்றி: இராமநாதபுரத்துக்கு இகரம் போட்டுத்தான் எழுதுகிறோம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "ராம்நாடு, ராம்நாடு" என்றுதான் கூவுகிறார், பஸ்ஸும் சரியான ஊருக்குத்தான் போகிறது. டயருக்கும் ஓர் இகரம் போடலாம் என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: "இடயர்" என்றால் ஆடு மேய்ப்பவர் சண்டைக்கு வருவார்.

மாட்டு வண்டியிலேயே ரப்பர் சக்கரம் போட்டதை "டயர் வண்டி" என்றும் பழையதைக் "கட்டை வண்டி" என்றும் நம் விவசாயிகள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு இனி குடியுரிமை விண்ணப்பம் தேவையா?

வே. (யாழ்ப்பாணம்), செவ்வாய் இரவு

நாங்கள் இங்கை ரயர், ரியூப் எண்டுதான் எழுதுறது. டகரம் முதலில் வராது எண்டு ரகரத்தைப் போட்டம், அதுவும் முதலில் வராது எண்டு பிறகுதான் ஆரோ சொன்னது. ஈருருளி எண்டு மேடையில பேசுவம், வீட்டில சைக்கிள்தான். காத்துப்போனா ஒட்டுற ஆளுக்கு விளங்கினாச் சரி.

அ.ந. (மதுரை), புதன் காலை

கோவைத் தம்பிக்கு. டயர் வண்டி வந்தது, நல்லது. அதோடு எது போயிற்று என்று பார்த்தீர்களா? கட்டை வண்டித் தச்சரிடம் குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி, இரும்புப் பட்டா என்று ஒரு சொற்குடும்பமே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அளவு, ஒவ்வொன்றுக்கும் மரம். அந்தக் குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டு "ஹப், ஸ்போக், ரிம்" என்று புதுக்குடித்தனம் வைத்தோம். நான் கேட்பது புதுச் சொல் இல்லை, பழைய வீட்டுச் சாவி.

கொழுஞ்சூடு கசக்குமானால் வேறொன்று தருகிறேன். பருமை + அரை = பராரை. பருத்த அடிமரத்துக்குச் சங்கப் புலவர் ஆண்ட சொல். அதே வழியில் பரு + ஆழி = பராழி. ஆழி என்றால் சக்கரம். ஆழி என்றால் கடலும். கடற்கரையில் ஓடும் பருத்த சக்கரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று வாய்க்குமா? ஒரு சொல்லில் இரண்டு பொருள், மூன்றே எழுத்து! பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு நன்னூல் சொல்லும் "ஈறு போதல்" இதற்குப் போதும்; ஆதிநீடல் வேண்டுமென்றால் காராடு, பாசிலை போல வேறு வடிவமும் செய்யலாம். அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

கால் என்பதும் சக்கரமே. "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்கிறாரே வள்ளுவர், அங்கே கால் வலிய தேர் என்றால் சக்கரம் வலிய தேர். பருமை + கால் = பருங்கால். இனமிகல். இதையும் பரிசீலிக்கலாம்.

சா.மு. (கோவை), புதன் காலை

பருங்கால் என்றால் சுகாதாரத் துறையிலிருந்து யானைக்கால் மாத்திரையோடு வந்து நிற்பார்கள் ஐயா.

ரோ. (பாம்பன்), புதன் மதியம்

கு.செ. அண்ணே, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் அந்த வகுப்புக்குப் போகிறவள். ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன், சிரிப்பாகவும் இருக்கிறது.

நாங்கள் "குண்டு டயர்" என்கிறோம். பட்டறையில் "பட்டை டயர்" என்கிறார்கள். அதில் ஒரு வம்பு உண்டு: தேய்ந்துபோன மொட்டை டயரை எங்கள் அத்தை பட்டை டயர் என்றுதான் சொல்லும். கடைக்கு ஆள் அனுப்பிப் பட்டை டயர் வாங்கி வரச் சொன்னால் எது வரும் என்று சொல்ல முடியாது.

ரிம்முக்கு "வட்டை"யை மட்டும் போட்டுவிடாதீர்கள் அண்ணே. இங்கே வத்தை என்றால் வள்ளம் மாதிரி மரப்படகு. அச்சில் ஓர் எழுத்து மாறினால் "வத்தையின் உள் அகலம் 80 மி.மீ." என்று வந்து தொலையும்.

பெயர் எதுவானாலும், கையேட்டில் இதை எழுதுங்கள். அந்த அகல ரிம்மில் கனம் குறைக்கக் கண்ணு கண்ணாக ஓட்டை விட்டிருக்கிறார்கள், உள்பக்கம் ஒரு நாடா சுற்றியிருக்கிறது. நாடா ஒரு விரல் நகர்ந்தால் போதும், ஓட்டை வழியாக மணல் உள்ளே போய் டியூபை உப்புத்தாள் போட்ட மாதிரி அராவிவிடும். மரிக்கொழுந்துப் பாசி மூட்டையை ஈரத்தோடு ஏற்றினால் தண்ணீரும் அதே வழியில் இறங்குகிறது. அப்புறம் வேலிக்கருவை முள். காற்று கம்மியாக வைக்கிறதால் முள் ஏறினது ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. சின்ன டயரில் உடனே தெரியும். இதில் சாயங்காலம்தான் தெரியும்.

கு.செ. (இராமநாதபுரம்), புதன் மாலை

ரோ. எழுதியதை அப்படியே கையேட்டில் சேர்த்துவிட்டேன். அதுதான் இந்த இழையில் இதுவரை கிடைத்த லாபம்.

"குண்டு டயர்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடலோரச் சோதனைச் சாவடியில் நின்று "குண்டு இருக்கிறது" என்று சொல்ல நான் தயாராக இல்லை. அகல டயர், அகல ரிம் என்று முடித்துவிடவா?

சா.மு. (கோவை), புதன் இரவு

இங்கேதான் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே அடை போடுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம்.

ரிம் அகலமாகலாம், அவ்வளவுதான். 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம் 559 மி.மீ. ரிம் 30 மி.மீ. அகலமானாலும் 80 ஆனாலும் அந்த 559 மாறாது. டயர் அப்படி இல்லை. அது பக்கவாட்டில் பெருக்கும்போது மேலேயும் பெருக்கிறது. 100 மி.மீ. டயர் என்றால் உயரமும் ஏறத்தாழ 100. மேலே நூறு, கீழே நூறு சேர்த்தால் மொத்தச் சக்கரம் 760 மி.மீ. பக்கம் வருகிறது. "அகல டயர்" என்று படித்த பட்டறைக்காரர் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மாட்டின பிறகு டயரின் தலை ஃபோர்க்கின் மேல் வளைவில் உரசும். பின்னால் மட்கார்டு, பாரத் தட்டு, அதே கதை. சங்கிலி உரசுவது தனிக் கதை. அதற்கு நடு அச்சே நீளமாக வேண்டும்: சாதாரண சைக்கிளில் அந்த அச்சு உட்காரும் குழல் 68 மி.மீ., இந்த வகையில் 100.

ஆகவே டயருக்குப் "பரு", ரிம்முக்கு "அகல". புலவர் ஐயா பருமை, கொழுமை என்று தொடங்கியது டயர் விஷயத்தில் முற்றிலும் சரி. சொல்லைத்தான் ரிம்மில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

ஏன் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பின்சக்கரத்தில் 90 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. 15 பிஎஸ்ஐ ஆக்கினால் 85. (டயரின் விறைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.) மணலில் மிதப்பது அந்தப் பரப்பால்தான். ஆனால் 15 பிஎஸ்ஐயில் ஒன்றரை அங்குல டயர் பாரத்தோடு ரிம்மில் இடித்து டியூபைக் கடிக்கும். அதனால் பரு டயர். அந்தப் பரு டயரைக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் அடி ஒடுங்கி மேலே பல்பு மாதிரி ஊதிக்கொண்டு, திருப்பத்தில் பக்கவாட்டில் மடங்கும். சில சமயம் விளிம்பைவிட்டுக் கழன்றே வரும். ரிம்மை அளவுக்கு மீறி அகலப்படுத்தினாலோ டயர் சதுரமாகிப் பக்கச் சுவர் வெளியே தள்ளும், கல்லும் முள்ளும் நேரே அங்கேதான் படும்.

பிரேக்கையும் மறக்க வேண்டாம். ரிம்மைக் கவ்வும் பழைய கட்டை இவ்வளவு அகலத்துக்கு எட்டாது. டிஸ்க் வேண்டும், உப்புக் காற்றில் டிஸ்க்கைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துடைக்கிற துணியில் எண்ணெய் இருக்கக் கூடாது. துருப்பிடிக்கிறதே என்று எண்ணெய் போடுகிறவர்கள் உண்டு, போட்டால் பிரேக்கே பிடிக்காது.

வே. (யாழ்ப்பாணம்), வியாழன் காலை

பரு எண்டா முகத்தில வாறது எல்லோ? "பரு ரயர்" எண்டு வாசிச்சா ரயரில கொப்புளம் எண்டு விளங்கும். ரயரில கொப்புளம் உண்மையிலயே வாறதுதானே.

அ.ந. (மதுரை), வியாழன் காலை

அதனால்தான் பராழி என்கிறேன்.

ரோ. (பாம்பன்), வியாழன் மதியம்

பராழி நல்லா இருக்கு ஐயா, பேத்திக்குப் பேர் வைக்கலாம். ஆனால் பராழி வாங்கி வா என்று தம்பியை ராமேஸ்வரத்துக்கு அனுப்பினால் கோயிலில் போய்த் தேடுவான். "பருத்த டயர்" என்று முழுசாகப் போட்டால் கொப்புளமும் வராது, யாருக்கும் புரியும்.

கு.செ. (இராமநாதபுரம்), வியாழன் இரவு

கண் எரிகிறது. முடித்துக்கொள்கிறேன். பருத்த டயர், அகல ரிம். "குண்டு டயர் என்றும் சொல்வர்" என்று அடைப்புக்குறியில் போகிறது. முதல் பக்கத்துப் படத்தில் குடம், ஆரக்கால் இரண்டையும் ஹப், போக்ஸ் கம்பி ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன். அந்தச் சாவியை ஐயா கொடுத்தார், வைத்துக்கொண்டோம். பெட்டிச் செய்தியும் போகிறது, பிரேக் பத்தியைப் பாதியாக வெட்டிவிட்டேன்.

மறுப்பு இருந்தால் காலை பத்து மணிக்குள்.

அ.ந. (மதுரை), வெள்ளி, காலை 9.50

மறுப்பு உண்டு. "பருத்த" என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நேற்று மெலிந்து இன்று பருத்த டயரா அது? கலைச்சொல்லுக்குக் காலம் காட்டும் எச்சம் ஆகாது, பண்புத்தொகைதான் வேண்டும். பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. பராழி பற்றிய தனி மடல் எட்டுப் பக்கம் ஆகிவிட்டது, ஞாயிறு அனுப்புகிறேன்.

சா.மு. (கோவை), வெள்ளி, காலை 10.20

கு.செ., அச்சுக்குப் போய்விட்டதா? அகல ரிம் என்று போட்டீர்களே, 80 மி.மீ. உள் அகலமா வெளி அகலமா? டயர் அட்டவணையெல்லாம் உள் அகலத்துக்குத்தான். வெளியே அளந்து வாங்கினால் சில மி.மீ. குறைந்துவிடும்.

கு.செ. (இராமநாதபுரம்), வெள்ளி, காலை 10.40

அச்சகத்துக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். "உள் அகலம்" என்று ஒரு சொல் சேர்க்க அந்தக் கட்டத்தில் இடம் இல்லையாம்.